பலகை மாறும் நாள்

இன்று காலை பராமரிப்பு அம்மாவின் செருப்பைக் காணவில்லை. டெண்டர் செய்தி பிள்ளைகளுக்கு எட்டிவிட்டது.

குழந்தைகள் இல்லம் அரசுடையது. ஆட்களை அமர்த்துவது ஒப்பந்தக்காரர். குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம் போகும். வாசலில் பலகை மாறும். பலகையோடு பராமரிப்பு அம்மாக்களும் மாறுவார்கள். விளக்கை அணைத்தால் எந்தப் பிள்ளை அலறும், தலையணைக்கடியில் எந்தப் பிள்ளை ரொட்டி ஒளிக்கும் என்று புதியவள் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த டெண்டர். செருப்பில்லாதவள் போக முடியாது என்பது பிள்ளைகளின் சட்டம்.

அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் சங்கு. குரல் அப்படி. போன மாதம் ஒப்பந்தக்காரர்களின் கூட்டத்தில், வாசலில் நின்றபடி அதே குரலில் கேட்டாள்: "பலகை மாறட்டும் சார், ஆளு ஏன் மாறணும்?" கூட்டத்தை நடத்திய அதிகாரி அதையே டெண்டரில் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தார்.

இன்று டெண்டர் உறைகளைப் பிரிக்கும் நாள்.

"அக்கா, இது சமையல்காரர் செருப்பாச்சே!" என்றான் வேன் டிரைவர், அவள் காலைப் பார்த்து.

"படகு மாதிரி இருந்தா என்ன? கரை சேர்த்தா போதும். வண்டிய எடு!"

அலுவலகக் கூடத்தில் உறைகளைப் பிரித்தார்கள். காவலாளிகளை அனுப்பும் ஒரு நிறுவனம்தான் ஆகக் குறைந்த விலை கேட்டிருந்தது. டிரைவரோடு சுவரோரம் நின்ற சங்கு எட்டிப் பார்த்தாள். அதிகாரி தாள்களைப் புரட்டினார். மறுபடி புரட்டினார்.

"இப்ப இருக்கிற ஆளுங்கள வச்சுக்கிறோம்னு உறுதி கொடுக்கலையே. தள்ளுபடி."

"சார், எங்க விலைதானே கம்மி?"

"விலை கம்மிதான். ஆளும் கம்மியாயிடுமே!"

அடுத்த நிறுவனம் உறுதி கொடுத்திருந்தது; ஒப்பந்தம் அதற்கே. டிரைவர் அவள் தோளை உலுக்கினான். "அக்கா, மூச்சு விடுங்க!"

விட்டாள். கூடம் அதிர்ந்தது.

"யாராவது அந்தம்மாவ உட்கார வைங்கப்பா," என்றார் அதிகாரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வேன் நிற்பதற்குள் குதித்தாள். "போகலடி! நான் எங்கயும் போகல!" பிள்ளைகள் அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். வலது செருப்பு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்தது. இடது செருப்பின் மேல் ரொட்டி ஒளிக்கும் சின்னவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"குடுடி தங்கம்."

"பலகை மாறட்டும். அப்பவும் நீ இருந்தா தர்றேன்."

புதிய பலகை வந்தது. வெயிலில் ஒற்றைச் செருப்போடு சங்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசி ஆணி இறங்கியது. சின்னவள் பலகையைப் பார்த்தாள், சங்கின் முகத்தைப் பார்த்தாள், உள்ளே ஓடினாள்.

திரும்பி வந்து செருப்பை அவள் காலடியில் போட்டாள்.

"போட்டுக்கோ. தரை சுடுது."