பெட்டி திறக்கிறவள்

காப்பீட்டு அலுவலகத்தில் அவளை 'டிஸ்க் அக்கா' என்பார்கள். கெட்டுப்போன பிளாப்பி டிஸ்க்கைக் கொண்டுபோய் நீட்டினால், திரையில் வரிசை வரிசையாக எண்களை ஓடவிட்டு, எது இடம் தவறிக் கிடக்கிறது என்று பார்த்துத் திருத்திக் கொடுப்பாள். அங்கே அவளுக்கு மரியாதை உண்டு. வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கணவன் உதிரிபாகக் கடையில் மேலாளர். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவான். ஆறு வீரர்களைச் சுரங்கத்துக்குள் இறக்கிப் பூதங்களோடு சண்டை போடும் விளையாட்டு. தலைவனுக்குத் தன் பெயரையே வைத்திருந்தான். பணத்துக்கு ஒரு குறுக்கு வழியும் கண்டுபிடித்திருந்தான். அதில் புதிதாக உருவாக்கும் ஆள் கையில் கொஞ்சம் பொற்காசோடுதான் பிறப்பான். காசைத் தலைவனுக்கு மாற்றிவிட்டு ஆளை அழித்துவிடலாம். அப்படிப் பிறந்து, பறிகொடுத்து, அழிந்தவர்களுக்கு அந்த மகானுபாவன் வைத்த பெயர்கள் மாமனார், மாமியார், மச்சான். நிஜத்தில் அவர்களிடம் பிடுங்கியது போதவில்லை போலும்.

அவள் பெயரையும் விட்டுவைக்கவில்லை. சுரங்கத்தில் கிடக்கும் பெட்டிகளில் விஷ ஊசி இருக்கும், வெடி இருக்கும். திறப்பதற்கு ஒரு நோஞ்சான் வேண்டும். அவள் பெயரை அதற்கு வைத்தான். செத்தால் காசு செலவழித்து உயிர்ப்பிக்க மாட்டான், அதே பெயரில் இன்னொருத்தியைச் செய்துகொள்வான். தேநீர் கொண்டுவரும்போதெல்லாம் தன் பெயருக்கு நேரே 'இறப்பு' என்று இருப்பதைப் பார்ப்பாள்.

ஒருநாள் அவனே இறங்கி வந்தான்.

"ஆபீஸ்ல டிஸ்க்கையெல்லாம் நோண்டுறியாமே. என் ஆளோட பலத்தை ஏத்திக் கொடு. எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

"செய்றேன். ஆனா என் பேரைப் பெட்டி திறக்க அனுப்பக் கூடாது."

"சரி, சரி. அதுக்கென்ன இப்போ."

எந்த டிஸ்க்கைத் தொட்டாலும் முதலில் நகல் எடுப்பது அவள் பழக்கம். எடுத்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு தலைவனின் பலம் இருந்த கட்டத்தில் 255 போட்டாள். அதற்கு மேல் அந்தக் கட்டம் தாங்காது. ஒன்று கூடினாலும் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்துவிடும். தலைவன் அடுத்த நிலைக்கு ஏறினால் விளையாட்டே அந்த ஒன்றைக் கூட்டிவிடும். இதைச் சொல்லத்தான் இருந்தாள். அதற்கு முன், அவன் கொடுத்த வாக்கு எத்தனை நாள் நிற்கிறது என்று பார்க்க நினைத்தாள்.

அன்று சாயங்காலமே அவள் பெயருக்கு நேரே 'இறப்பு'.

"வாக்குக் கொடுத்தீங்களே."

"வெறும் பேர்தானே. நீயா செத்துப்போயிட்ட?" என்றான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

255-ஐப் பற்றிச் சொல்ல இருந்ததை அவள் சொல்லாமலே விட்டாள். மறுநாள் மதிய இடைவேளையில் அந்த நகலை அலுவலகக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொஞ்சநேரம் வேலை பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, தன் வீரத்தைக் காட்டக் கடைக் கணக்கரை வீட்டுக்கு அழைத்து வந்தான். தலைவன் ஒரே வெட்டில் பூதத்தைச் சாய்த்தான். ஒரு நிலை ஏறினான். அடுத்த அறையில் வாளைத் தூக்க முடியாமல் நின்றான். பலம் பூஜ்யம். ஒரு எலி கடித்தே செத்துப்போனான். அந்தச் சாவை விளையாட்டு அப்போதே டிஸ்க்கில் எழுதிவைத்தது. கணக்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

கதவு சாத்தியதும் அவன் பாய்ந்தான். "என்னடி பண்ணித் தொலைச்ச? நகல் எடுத்திருப்பியே, அதைக் கொடு."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைக் கம்ப்யூட்டரில் செருகினான். ஆள் பட்டியலில் தலைவன் இல்லை. மற்ற வீரர்களில் ஒருவரும் இல்லை. அவள் பெயர் மட்டும் உயிரோடு இருந்தது; ஆறு பேரின் பொற்காசும் அதற்கு நேரே இருந்தது.

"என் ஆளுங்க எங்கடி?"

அவன் குரல் உடைந்திருந்தது. அவளுக்கு இரக்கம் வரவில்லை. சொல்லப்போனால், நன்றாகவே இருந்தது.

"வெறும் பேர்தானே," என்றாள். "புதுசா செஞ்சுக்கோங்க."

டிஸ்க்கை வெளியே எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.