ஏழாம் இலக்கத் தாரா

எங்கள் ஆய்வுகூடத்தில் பன்னிரண்டு தாரா வாத்துகள் இருந்தன. தாராவின் ஈரலைப் பிடிக்கும் வைரஸ், மனிதரின் ஹெபடைட்டிஸ் பி வைரசுக்குச் சொந்தக்காரன். ஆனால் மனிதருக்குத் தொற்றாது. அதனால் அந்த நோய்க்கான மருந்தைத் தாராக்களுக்குக் கொடுத்துப் பார்ப்போம். சில கிழமைகளில் ஏழாம் இலக்கத் தாராவின் இரத்தத்தில் வைரசைக் காணவில்லை. திட்டப்படி மருந்தை நிறுத்தினேன். கொஞ்ச நாளிலேயே வைரஸ் திரும்பி வந்துவிட்டது. ஈரலுக்குள் பதுங்கியிருந்திருக்கிறான், கள்ளன்.

தாராவின் ரிப்போட்டைப் பார்த்ததும் எனக்கு அண்ணனின் நினைவுதான் வந்தது. கல்முனையில் இருக்கும் என் உடன்பிறந்த காக்காவுக்கும் ஹெபடைட்டிஸ் பி. இரண்டு மாதத்துக்கு முன் அவர் அனுப்பிய இரத்த ரிப்போட்டைப் படித்துவிட்டு, "இரத்தத்தில வைரஸ் இல்ல காக்கா, அல்ஹம்துலில்லாஹ்!" என்று ஃபோனில் கத்தியவள் நான்தான். மருந்துக் குளிசையை விட வேண்டாம் என்ற மற்றப் பாதியைச் சந்தோஷத்தில் சொல்லவேயில்லை. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பது எனக்கென்றே சொன்னது.

அன்றே பஸ் ஏறினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"குளிசை போடுறீங்களா?"

"என்னத்துக்கு? சுகமாகினா ஆடறுத்துச் சோறு குடுக்கிற எண்டு நேர்ச்ச வெச்சிருந்தன். அதையும் குடுத்து முடிச்சிட்டன். இனிக் குளிசை போட்டா அல்லாஹ்வ நம்பல்ல எண்டுதானே அர்த்தம்?"

"எங்கட தாராக்கும் சுகமாகினதான் காக்கா. மருந்த நிப்பாட்ட திரும்பி வந்திட்டு."

"நான் என்ன தாராவா?"

காக்காவின் மனைவி சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, அவர்கள் மேல் அல்ல.

"தாராட மருந்த நிப்பாட்டினது நான். ஒங்கட மருந்த நிப்பாட்டினதும் நான்தான். பாதியச் சொல்லிட்டு ஃபோன வெச்சிட்டன்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை காக்கா கிளினிக்கில் இரத்தம் கொடுத்தார். முடிவு வரப் பத்து நாள். லீவை நீட்டிக்கொண்டு பத்து நாளும் அவர் கண்ணின் வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன், மஞ்சள் தட்டுகிறதா என்று.

வைரஸ் திரும்பியிருந்தது. ஈரல் இன்னும் கெடவில்லை, இன்றைக்கே குளிசையைத் தொடங்க வேண்டும் என்றார் டாக்டர்.

திரும்பி வரும் ஓட்டோவில் காக்கா குளிசைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தத் தாரா இப்ப எப்பிடி இரிக்கி?"

நல்லா இருக்கு என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"இல்ல காக்கா. ஈரலப் பாக்கிறத்துக்காகப் போன கிழமை அத அறுத்திட்டாங்க."

அவர் சந்தியில் ஓட்டோவை நிறுத்தி ஒரு போத்தல் தண்ணீர் வாங்கினார். பிஸ்மில்லாஹ் சொல்லி, என் முகத்தைப் பார்த்தபடியே முதல் குளிசையை விழுங்கினார்.