ஒட்டுப்போட்ட இரண்டு கதவுகள்

கல்வராயன் மலையில் நாங்கள் கட்டிய வீட்டின் அலமாரிக்கு ஆறு கதவுகள் வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்தடிக்கு இரண்டடி, மொத்தம் அறுபது சதுர அடி. எட்டடிக்கு நாலடி பிளைவுட் இரண்டு வாங்கினால் அறுபத்துநாலு சதுர அடி, போதும் என்றேன். குடும்பத்தில் முதலில் படித்தவன் சொன்னதால், அப்பா கள்ளக்குறிச்சியிலிருந்து இரண்டே இரண்டு ஏற்றி வந்தார்.

ஆசாரி அளந்து பார்த்துச் சிரித்தார். "இன்னா தம்பி, முழுசா நாலு கதவுதான் வரும். மிச்சம் மூணடித் துண்டாதான் நிக்கும், அத உருக்கி ஊத்தச் சொல்றியா?"

மறுநாள் கிரகப்பிரவேசம். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே" என்று கெஞ்சினேன். மிச்சத் துண்டுகளை ஒட்டி, மீதி இரண்டு கதவுகளையும் ஒப்பேற்றினார்.

விருந்தாளிகளிடம் அப்பா அந்த ஒட்டைத் தடவிக் காட்டினார். "பாருங்க, துண்டுகூட வீணாவல! எல்லாம் எம்புள்ள போட்ட கணக்கு."

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தைரியம்தான் இப்போது உறுத்துகிறது.