வடிவான வயலும் வராத வேலியும்

கலியாண வீட்டில் படம் எடுப்பவர் ஒரு மாமிக்குப் பதில் சொன்னால் போதும். வயல்வெளியைப் படம் எடுப்பவர் ஊருக்கே பதில் சொல்ல வேண்டும்.

நான் கிளிநொச்சியில் ஸ்டூடியோ வைத்திருப்பவள். கலியாணமும் பெரியபிள்ளையான பெட்டையளின் சாமத்தியவீடும் எனக்குச் சோறு போடுகின்றன. விடியப்புறம் நாலரைக்குக் கமராவைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் குளக்கட்டுத் தேடிப் போவது என் விசர். பனியில் லென்ஸ் வேர்த்து, வரம்பில் சறுக்கி, கமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி சேற்றில் குந்திய அனுபவம் உள்ளவர்கள் மேலே வாசியுங்கள். மற்றவர்களுக்கு இரக்கம் வராது.

காட்சிக்குச் சொந்தக்காரர்

கனகராயன்குளத்தில் ஒரு வயல். தனியே ஒரு பனை, பின்னால் குளக்கட்டு, அதற்கு மேல் சிவந்துகொண்டிருந்த முகில். முக்காலியை நிறுத்திவிட்டு வெளிச்சத்துக்குக் காத்திருந்தேன். சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "கல்லுப் போட வந்தனீங்களோ?" என்று கேட்டார். முக்காலியோடு வருகிறவர் யாரென்றாலும் எல்லைக் கல்லை நட்டுக் காணியைக் காடு என்று எழுதிவிடுவார் என்ற பயம் எங்கள் பக்கத்தில் உண்டு. அந்தப் பயம் சும்மா வந்ததும் இல்லை. "இல்லை ஐயா, வடிவுக்கு எடுக்கிறன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். வெள்ளைச் சேட்டு, வாரிய தலை, நெற்றி நிறைய விபூதி. நேரே வரம்பில் நடந்து போய், என் படத்தின் சரி நடுவில், இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். நான் பார்த்திருந்த சிவப்பு, கண் முன்னே வெளிறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் விலகச் சொல்லிக் கெஞ்சினேன். மனுசன் அசையவில்லை.

"காணி என்ர. நான் இல்லாமல் காணியை மட்டும் எடுத்தா, நாளைக்கு ஆளில்லாத காணி எண்டு சொல்லுவாங்கள், பிள்ளை."

கம்பி

ஞாயிற்றுக்கிழமைகளில், பிள்ளைகள் பாடம் படிக்கும் ரியூட்டரி ஒன்றின் கொட்டிலில் படம் எடுக்கிற ஏழு பேர் கூடுவோம். ஒருவர் தன் படத்தை மேசையில் வைப்பார். மற்றவர்கள் குறை சொல்வார்கள். எல்லாரும் சொல்லி முடியும்வரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவளும் நான், அதனால் அதிகம் பயனடைந்தவளும் நான்.

விசுவமடு ரூபன் உழவு மெசின் திருத்துகிறவன். நல்ல கண். ஆனால் அவன் எடுக்கும் எல்லா வயலிலும் ஒரு மின்சாரத் தூணும் நாலு கம்பியும் நிற்கும். வயலுக்குள் போகிற பார்வை கம்பியில் தடக்கி விழுகிறது, தள்ளி நின்று எடுக்க வேண்டும், முடியாவிட்டால் பிறகாவது வெட்ட வேண்டும் என்று பத்து நிமிடம் விளாசித் தள்ளினேன். சட்டப்படி அவன் பேசாமல் இருந்தான். முறை வந்ததும் படத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்.

"எங்கட ஒழுங்கைக்குக் கரண்ட் வந்து இன்னும் வருசம் திரும்பேல்லை அக்கா. அதுக்குள்ள வெட்டச் சொல்லுறியள்."

இடது பக்கப் பாரம்

ஒட்டுசுட்டான் மல்லிகா அக்காவின் மகளுடைய கலியாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். அந்தப் பழக்கத்தில் ஒருநாள் தொலைபேசி எடுத்தார். யானை வராமல் அரசாங்கம் போடும் மின்கம்பி வேலி பக்கத்து ஊரோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் இருக்கும் இவர்களுடைய வயல்களுக்குள் யானை இறங்குகிறது. அக்காவின் கணவர் இரவில் படுப்பது வயற்கரைக் காவல் கொட்டிலில். துணைக்கு ஒரு ரோச் லைற்றும் நாலு யானை வெடியும். வேலியை நீட்டித் தரச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும், அதோடு இணைக்கச் சேதத்தைக் காட்டும் ஒரு படம் வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

விடிய நான் போய் இறங்கியபோது வயல் முழுக்கப் பனி. யானைகள் முதல்நாள் ஒரு மூலையை உழக்கிவிட்டுப் போயிருந்தன. கொட்டிலில் ஒரு கால் முறிந்து ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஆனால் நான் பார்த்தது வேறு. யானையின் அடிகளில் தண்ணீர் நிறைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம் கிடந்தது. மனுவும் மறந்துபோச்சு, வேலியும் மறந்துபோச்சு. சேற்றில் குந்தினேன். இடது பக்கத்தில் அந்தக் கொட்டில் மட்டும் பாரமாக நின்று கண்ணை இழுத்தது. இரண்டடி வலப்பக்கம் தள்ளிக் குந்தியதும் அது படத்தை விட்டுப் போய்விட்டது. என் வாழ்நாளில் எடுத்த திறமான படம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன், வெட்கத்தோடு.

பெரிதாகப் பிரிண்ட் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மல்லிகா அக்கா கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, கனநேரம் பார்த்தார். படம் தெரிந்தவள் எடுத்தது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அதையே மனுவோடு இணைத்தார். ஆனால் இணைக்க முன்னம் ஒன்று கேட்டார்.

"நல்ல வடிவா இருக்கு தங்கச்சி. ஆரின்ர வயல் இது?"

எழும்பி நின்ற அதிகாரி

மூன்று கிழமையாகப் பதில் இல்லை. இரண்டு பேருமாக மனுக் கொடுத்த அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். படம் எடுத்தவள் நான் என்று தெரிந்ததும் அதிகாரி கதிரையை விட்டு எழும்பினார். அவர் தலைக்கு மேல், மணிக்கூட்டுக்கும் கலண்டருக்கும் நடுவில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் என் படம். நான் எடுத்த படத்துக்காக ஒருவர் கதிரையை விட்டு எழும்பியது அதுதான் முதல் தடவை. அரை நிமிடம் உச்சி குளிர்ந்து நின்றேன் என்பதை மறைக்கவில்லை. அந்த அரை நிமிடமும் மல்லிகா அக்கா பக்கத்தில் நின்று வேலியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரி மனுக் கோப்பை எடுத்து விரித்தார். மனு பத்திரமாக இருந்தது. படம் இருந்த இடத்தில் பின் குத்திய இரண்டு ஓட்டை. அதன் கீழே சிவப்பு மையில், 'சேதத்தைக் காட்டும் படம் இணைக்கப்படவில்லை' என்று குறிப்பு. நான் சுவரைக் காட்டினேன். அவரும் திரும்பி ஆசையோடு பார்த்தார்.

"இப்பிடி ஒரு இடத்தில தூணும் கம்பியும் நட்டா, பாக்கிற வடிவே போயிடும் மிஸ்."

மத்தியான வெயில்

கதிர் பால் பிடிக்கிற நேரம் யானைகள் திரும்பி வந்தன. கொட்டில் தரைமட்டம். சத்தம் கேட்டு இறங்கி ஓடிப் பாலைமரத்தில் ஏறியபடியால் அக்காவின் கணவர் உயிரோடு இருக்கிறார். செய்தி வந்தபோது ஒரு மணப்பெண்ணின் முகத்தைக் கணினியில் வெள்ளையாக்கிக்கொண்டிருந்தேன். அப்படியே விட்டுவிட்டு ஸ்டூடியோப் படியில் வந்து இருந்து அழுதேன். அந்தக் கொட்டிலை நான் படத்தில் விட்டுவைத்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் போகவில்லை.

அடுத்த ஞாயிறு, எங்கள் கூட்டத்துக்கு நடுவில் மல்லிகா அக்கா வந்து ஒரு படத்தை மேசையில் வைத்தார். தன் போனில் தானே எடுத்தது. மத்தியான வெயில். வயல் சரிந்து நெல் எல்லாம் ஒரு பக்கம் கொட்டுண்டுவிடும் போல் இருந்தது. சரி நடுவில் சப்பளிந்த கொட்டில், அதன் அடியில் கிழிந்த பாய். முன்னால் ஒரு யானை அடி. அளவு தெரியக் கணவர் தன் காலை அதற்குள் வைத்திருந்தார். ஒரு மூலையில் அக்காவின் பெருவிரல். எங்கள் ஆட்கள் பழக்கதோசத்தில் தொடங்கினார்கள்: வானம் வெளிறிப் போச்சு, சரிஞ்சு போச்சு, நடுவில் வைக்கக் கூடாது, விரல். நான் அந்தக் கிழிந்த பாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லது. ஒரு பிழையையும் திருத்தாதேங்கோ, அப்பிடியே குடுக்கப் போறன்" என்றார்.

இந்த முறையும் நான் கூடப் போனேன். அதிகாரி படத்தைக் கையில் எடுத்தார், மூக்குக் கண்ணாடியைப் போட்டார், அந்தக் காலையும் அடியையும் பார்த்தார். பிறகு ஓர் ஊழியரைக் கூப்பிட்டு, நாளைக்கு அளவு நாடாவோடு வயலுக்குப் போக வேண்டும் என்றார். சொன்னபடி அதிகாரியே போனார்; அறுவடைக்கு முன்னம் வேலித் தூண்களும் நட்டாயிற்று. அன்றைக்கு நாங்கள் வெளிக்கிடும்போது என்னைத் தனியே நிறுத்தித் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இது ஆரோ படம் எடுக்கத் தெரியாத ஆள் எடுத்தது மிஸ். ஆனா என்ன நடந்ததெண்டு விளங்குது."

இத்தனை வருடத்தில் வன்னியின் ஒரு காட்சியை உண்மையாகவே மாற்றிய படம் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்; அதன் மூலையில் ஒரு பெருவிரல் தெரிகிறது, அது என்னுடையது அல்ல.