சாரோட மூஞ்சி தெரியணும்

கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, சங்கரன்கோவிலில் எங்கள் சர்ச் சபையார் சிலர் சேர்ந்து பழைய லேப்டாப்புகளைத் திரட்டி, வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். கடையநல்லூரில் இருக்கும் என் நண்பர், வளைகுடாவிலிருந்த தம்பியிடம் சொல்லிச் சில லேப்டாப்புகள் வரவழைத்தார். பணமாக வந்தது நெட் ரீசார்ஜுக்குப் போனது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நோட்டு, பேனா விற்கும் என் கடையில்தான் கொடுக்கல் வாங்கல் எல்லாம்.

பிள்ளைகள் சொல்லும் குறைகள் ஒரே மாதிரி இருக்கும். சத்தம் விட்டு விட்டு வருது, சார்ஜ் நிக்க மாட்டேங்கு. பிளஸ் ஒன் படித்த ஒரு பெண் மட்டும் வேறொன்று கேட்டாள்.

"அண்ணாச்சி, கணக்கு சார் வீடியோவ ஆஃப் பண்ணிட்டு நடத்துதாவ. மூஞ்சி தெரியுத மாதிரி நடத்தச் சொல்லுங்க."

"சத்தம் கேக்குதுல்லா? மூஞ்சிய வச்சு என்ன செய்யப் போற மக்கா?"

"சத்தம் வேண்டாம் அண்ணாச்சி. மூஞ்சி போதும்."

அவள் போன பிறகும் அது என் மண்டையைக் குடைந்தது. காது கேட்காத பிள்ளை என்றால், என்னிடம் சரளமாகப் பேசினாளே? மறுநாள் மதியம் கடையைச் சாத்திவிட்டு அவள் வீட்டைத் தேடிப் போனேன்.

முன்னறையில் இரண்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அம்மா நடுவில் நின்று நூல் அறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அடுக்களை மூலையில் லேப்டாப்போடு அவள். வாசலில் நின்று நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் அம்மா மகளை நோக்கி உதட்டை மட்டும் அசைத்தார். மகளும் சத்தமில்லாமல் ஏதோ சொன்னாள். செம்பில் தண்ணீர் வந்தது.

தறியை நிறுத்தியதும், "இப்ப என்ன பேசிக்கிட்டிய?" என்று கேட்டேன்.

அம்மா சிரித்தார். "லேப்டாப் அண்ணாச்சி வந்திருக்காவ, தண்ணி கொண்டான்னேன். டீ போடட்டான்னு கேட்டா. தறி ஓடும்போது எங்களுக்கு வாய் அசைஞ்சாப் போதும்."

"பாடமுமா அப்படி?"

"ஹெட்போன் மாட்டுனாலும் தறிச் சத்தம் உள்ள வந்திருது அண்ணாச்சி" என்றாள் மகள். "உதடு தெரிஞ்சா முக்காவாசி பிடிச்சிருவேன்."

வீட்டுக்கு வந்து டி.வி.யின் சத்தத்தை அடைத்துவிட்டு, செய்தி வாசிப்பவரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. என்ன ஆயிற்று இந்த மனுஷனுக்கு என்று என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

சாருக்குப் போன் செய்தேன். "வீடியோ போட்டாப் பிள்ளைகளுக்கு நெட்டு தீந்துருமேன்னுதான் ஆஃப் பண்ணுதேன்" என்றார். விஷயத்தைச் சொன்னேன். ரீசார்ஜை நாங்கள் அதிகமாக்கித் தருவதாகவும் சொன்னேன். மறுநாளே வீடியோ வந்தது.

அடுத்த வாரம் அவள் கடைக்கு வந்து தயங்கி நின்றாள். "சார் மீச உதட்ட மறைக்குது அண்ணாச்சி."

இதை எப்படி அவரிடம் சொல்வது? சொல்லியே விட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க வீட்டுல எத்தன வருசமாச் சொல்லுதா, கேக்கல. இப்பக் கேக்க வேண்டியதாப் போச்சு" என்றார். அன்றே மீசையைக் குறைத்துவிட்டார்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு நாள் அவரே கடைக்கு வந்தார். "ஆன்லைன்ல ஒரு தடவகூட மைக்க ஆன் பண்ணாத பிள்ள, இப்ப வாய மூட மாட்டேங்குதா. ஒரு கணக்கு போட்டா ஒம்பது சந்தேகம்!" என்றார். அலுத்துக்கொள்வது போலத்தான் சொன்னார், முகமெல்லாம் சந்தோஷம்.

இப்போது அவள் திருநெல்வேலியில் பி.எஸ்சி. கணக்கு படிக்கிறாள்.