பாண் தூள் வறுத்த கை

விரல் நுனிகளில் உள்ளிப்பூண்டு மணம் போகவில்லை. தென் லண்டனில் ரோஸ்ஹில் சந்தியைத் தாண்டி மோர்டன் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சமையலறைச் சப்பாத்து நனைந்து அடிக்கு அடி "சளக், சளக்" என்றது. பஸ் காட் என் கோட்டுப் பையில் இருந்தது. கோட், சட்டனில் நான் விட்டுவந்த இத்தாலியச் சாப்பாட்டுக் கடையின் பின்கதவு ஆணியில் தொங்கியது. அதை எடுக்கத் திரும்பிப் போவதைவிட டூட்டிங் வரை நடப்பது எனக்கு லேசாகப் பட்டது. வயது பதினாறு.

அது மூன்று தலைமுறைக் கடை. செங்கல் சூளை வேலைக்கென்று சிசிலியிலிருந்து வந்த ஒருவர் தொடங்கி, மகன் நடத்தி, என் காலத்தில் பேரன் டோனி முதலாளியாக இருந்தார். டோனி சட்டனிலேயே பிறந்தவர். அவருடைய இத்தாலிய மொழி சாப்பாட்டுப் பெயர்களோடு முடிந்துவிடும். என் அப்பாவோ லண்டனுக்கு வருமுன் பலெர்மோவில் மீன் சந்தைக்குப் பக்கத்துக் கடையொன்றில் ஒன்பது வருடம் சமைத்தவர். அதனால் வயதான இத்தாலியர்கள் வந்து ஊர்ப் பேச்சில் ஏதாவது கேட்டால் டோனி சமையலறைப் பக்கம் திரும்பி "நினோ!" என்று கூப்பிடுவார். நவரத்தினம் என்கிற என் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து சிசிலிக்காரராகவே நின்று கதைப்பார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கேதான் போவேன். மத்தியானக் கூட்டம் போய், மாலைக் கூட்டம் வருமுன் முதலாளி முதல் கோப்பை கழுவுகிறவர் வரை எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவது அங்கே வழக்கம். "குடும்பச் சாப்பாடு" என்று அதற்குப் பெயர். அப்பாவின் மத்தி மீன் பாஸ்தாவை அந்த மேசையில்தான் முதலில் ருசி பார்த்தார்கள். மத்தி, பெருஞ்சீரகக் கீரை, மேலே சீஸுக்குப் பதிலாகக் காய்ந்த பிரெட்டை உதிர்த்து எண்ணெயில் பொன்னிறமாக வறுத்த "பாண் தூள்". "சீஸ் வாங்க வழியில்லாதவன் கண்டுபிடிச்சது, இப்ப பணக்காரன் தேடி வாறான்" என்பார் அப்பா. அந்தத் தூளை வறுக்கும்போது மட்டும் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். கண் எடுத்தால் கருகிவிடும்.

ஆறே மாதத்தில் அதைக் கேட்டே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கடையின் ஐம்பதாவது ஆண்டுக்குப் புதிய மெனு அடிக்கும்போது அந்தச் சாப்பாட்டை அப்பாவின் முழுப்பெயரோடு போடுவதாக டோனி எல்லோர் முன்னிலையிலும் அந்த மேசையில் சொன்னார். அப்பா மாப் பையொன்றைக் கிழித்து, எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதென்று, தன் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடையை எங்கள் கடையென்றே நான் நினைத்துவிட்டேன். படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் ஏப்ரன் கட்டி நின்று மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, ஐம்பதாவது ஆண்டு விருந்து வந்தபோது.

அன்று மத்தியானம் மேசைக்கு மேசை புதிய மெனு. அப்பாவின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "பாட்டி ரோசாவின் மத்தி பாஸ்தா, ஐம்பது வருடக் குடும்ப இரகசியம்" என்று இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுக்க வந்தபோது டோனி அப்பாவின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, பலெர்மோவிலிருந்து அப்பா கொண்டுவந்த ஒலிவ மர அகப்பையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். அப்பா சுவரோடு ஒதுங்கி நின்றார்.

கர்மேலா என்ற கிழவி, கடை திறந்த காலத்திலிருந்து வருகிறவர், அப்பாவைக் கைதட்டிக் கூப்பிட்டு, அப்பா கதைத்துக் கேட்டு எனக்கும் விளங்கும் சிசிலிப் பேச்சில் கேட்டார்: "நினோ, உண்மையைச் சொல், இது உன் கைதானே?"

"இல்லை சின்யோரா, முதலாளியின் பாட்டியுடையது. நான் சூடாக்கிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்."

"ரோசாவா? நாள் முழுக்கக் கல்லாவில் இருந்து பூசணி விதை கொறித்தாளே, அந்த ரோசாவா? அவளுக்கு முட்டை அவிக்கவே தெரியாது!"

மேசையே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. டோனி ஏமாற்றியதை நான் தாங்கியிருப்பேன். அப்பா தன் வாயால் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சமையலறைக்குள் அவரை மறித்தேன்.

"ஏனப்பா பொய் சொன்னனீங்கள்?"

"கத்தாதை. வெளியிலை சனம்."

"உங்கடை பேர் எங்கை?"

"பேரை அவிச்சுத் தின்னலாமே? உப்பிட்டவனை உள்ளளவும் நினைக்க வேணும், விளங்குதோ?"

"அங்கை உப்புப் போட்டது நீங்களப்பா."

அவர் அடுப்புப் பக்கம் திரும்பிப் பாண் தூளைக் கிளறத் தொடங்கினார். நான் ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டு நடந்தேன்.

அதன்பிறகு பர்மிங்காம், பாரிஸ், சூரிச் என்று எத்தனையோ சமையலறைகளில் நின்றுவிட்டேன். எதிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. அப்பா அந்தக் கடை மூடும்வரை அங்கேயே நின்றார். இப்போது அந்த இடத்தில் போன் திருத்துகிறார்கள். அந்தப் பெரிய மேசை போன இடம் யாருக்கும் தெரியாது. நான் பாரிஸில் இருந்தபோது அம்மா போனில் ஒருநாள் வாய்தவறிச் சொன்னா: விருந்துக்கு முதல் நாள் டோனி அப்பாவைக் கூப்பிட்டு, "பெயரைக் கேட்டு நின்றால் உன் பொடியனுக்கு இங்கே வேலையில்லை" என்றாராம். "பேரை விடுறன், பொடியனை வைச்சிரும்" என்று அப்பா சொல்லிவிட்டு வந்தாராம். நான் தூக்கிப் போட்டுவிட்டு வந்தது அந்த வேலையைத்தான். அப்பாவிடம் கேட்டேன். "பழசைக் கிளறாதை" என்றார்.

இதெல்லாம் தெரியாமல் அன்று டூட்டிங்கில் மாமா வீட்டில் படுத்தேன். மறுநாள் காலை மாமா என்னைத் தனக்குத் தெரிந்த எங்கள் தமிழ் ஆட்களின் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். பெயர்ப் பலகையில் சேலை கட்டிய அம்மாவொருவரின் படம். கீழே "அம்மாவின் கைப்பக்குவம்".

"முதல் எங்கை நிண்டனீர் தம்பி?" என்றார் முதலாளி.

"இத்தாலியன் கடையிலை."

"ஏன் விட்டனீர்?"

"சரிவரேல்லை."

உள்ளே ருமேனியாக்காரர் ஒருவர் தனியாக நின்று ரொட்டி வீசிக்கொண்டிருந்தார்.

"அம்மா எத்தினை மணிக்கு வருவா?" என்று கேட்டேன்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "எந்த அம்மா? அது போர்டுக்கு! இஞ்சை எல்லாம் இவன்தான்."

பிறகு உள்ளிப் பையொன்றை என் முன்னால் இழுத்து வைத்தார். ரொட்டிக்காரரிடம் பெயரைக் கேட்டேன். யோன் என்றார். நான் இருந்து உரிக்கத் தொடங்கினேன்.