சிரிஞ்ச் தேர்ந்தெடுத்த ஜூஸர்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஊருக்குப் போய்விட்டேனா, பத்திரிகை ஆசிரியரோடு சண்டையா என்று ஆளுக்கொரு ஊகம். இரண்டும் இல்லை. என் வாயைக் கட்டிவிட்டார்கள். அலங்காரத்துக்குச் சொல்லவில்லை... நிஜமாகவே மேல் பல்வரிசையையும் கீழ்ப் பல்வரிசையையும் சேர்த்து மெல்லிய கம்பியால் கட்டியிருக்கிறார்கள்.

டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். அப்போதுதான் மழை விட்டிருந்தது. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் காய்கறிப் பை. கால் வழுக்கியதும் ஊன்றிக்கொள்ளக் கை எங்கே இருக்கிறது? நடைபாதை விளிம்பில் முகவாய் போய் மோதியது. தாடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு.

எலும்பு கூடுகிறவரை, அதாவது ஐந்து வாரம், வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். திறக்கக் கூடாது என்ன, திறக்கவே முடியாது. பேச்சு பல்லிடுக்கு வழியாகக் குக்கர் மூச்சு விடுகிற மாதிரி வரும். சாப்பாடு? கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதாம். இவ்வளவு வயதாகியும் எனக்கே தெரியாது. பெரிய சிரிஞ்சின் முனையில் பென்சிலைவிட ஒல்லியான ரப்பர் டியூபை மாட்டி, கன்னத்துக்குள் விட்டு, அந்த இடைவெளி வழியாக எதையும் தண்ணீராகத்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

"இந்த டியூபுல எது போகுதோ அதுதான் சாப்பாடு. போகாதது எதுவும் உங்களுக்குச் சாப்பாடு இல்லை" என்றார் டாக்டர், ஆங்கிலமும் வங்காளமும் கலந்து.

கூடவே என் கணவர் ரகுவிடம் ஒரு சின்ன கட்டிங் பிளேயரைக் கொடுத்து, எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கச் சொன்னார். எனக்கு வாந்தி வந்து மூச்சு முட்டினால் உடனே கம்பியை வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது என்று கண்ணாடி முன்னால் என்னை நிறுத்திக் காட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து ரகு தூங்கும்போதும் தலையணைக்குப் பக்கத்தில் அது இருக்கும்.

முதல் பத்து நாள் பால், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய கஞ்சி, புரோட்டீன் பவுடர். மறுபடியும் பால். ஐந்தாவது நாளே பால் டம்ளரைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தேன். வயிறு பசிக்கும், மனசு வேண்டாம் என்று சொல்லும். எல்லாமே வெள்ளை அல்லது மஞ்சள், எல்லாமே வெதுவெதுப்பு. எனக்குப் பழம் வேண்டும் போலிருந்தது. புளிப்பாக, குளிர்ச்சியாக, சிவப்பாக ஏதாவது...

தெருமுனை ஜூஸ் கடை கூடவே கூடாது, வயிறு கெட்டால் ஆபத்து என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே ரகு வீட்டிலேயே மிக்ஸியில் சாத்துக்குடியை அடித்தார். வடிகட்டினார். டியூப் அடைத்தது. மறுபடி மெல்லிய துணியில் வடிகட்டினார். அப்புறமும் அடைத்தது. மூன்றாவது தடவை பிழிந்து முடித்தபோது அரை டம்ளர் தேறியது. அரை மணி நேரம் போயிருந்தது. அவர் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசுக்குப் போக வேண்டிய மனிதர். பஸ்ஸை விட்டுவிட்டு, இடுப்பில் ஈரத் துணியோடு சமையலறையில் நின்றதைப் பார்த்தபோது இனிமேல் பழம் கேட்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

பத்தாவது நாள் செக்கப். எடை பார்த்தார்கள். நாலு கிலோ இறங்கியிருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. இன்னும் பத்து நாள் தருவதாகச் சொன்னார். அதற்குள் ஒரு கிலோ குறைந்தாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்கு வழியாக டியூப் போட்டு உணவு கொடுக்க வேண்டியிருக்கும். மறந்துவிடக் கூடாது என்று என் சீட்டிலேயே 'அட்மிஷன்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார்.

அந்தக் கேள்விக்குறியை வீடு வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்று மாலை ரகு சொன்னார், ஜூஸர் வாங்கிவிடலாம் என்று.

ஜூஸர் வாங்குவது அவ்வளவு எளிதா என்ன? செய்தி பரவியதும் எங்கள் மாடியில் யோசனை மழை. எதிர் ஃப்ளாட் மிதாலி பௌதி — இங்கே அண்ணியைப் பௌதி என்பார்கள், எல்லா அண்டைவீட்டு அம்மாக்களும் பௌதிதான் — கையால் பிழிகிற கிண்ணமே போதும் என்றார். ரகுவின் ஆபீஸ் நண்பர், மோட்டாரின் வாட் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்றார். இணையத்தில் தேடினால் ஐந்து நட்சத்திர விமர்சனங்கள். சமையலறைக்கு அழகாக இருக்கிறது என்கிறார் ஒருவர். ஒரு மாதத்தில் முகம் பளபளத்துவிட்டது என்கிறார் இன்னொருவர். ஒல்லி டியூபில் இறங்குகிற ஜூஸ் எந்த மெஷினில் வரும் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. ஏன் எழுதப் போகிறார்கள்?

மறுநாள் காலை சனிக்கிழமை. நானே கடைக்கு வருகிறேன் என்றேன். ரகுவுக்கு இஷ்டமில்லை.

"நீ வீட்டுல இரும்மா. நான் கேட்டு வாங்கிட்டு வரேன்."

"என் வாய். நானே பார்க்கறேன்" என்றேன், பல்லிடுக்கு வழியாக.

பையில் இரண்டு சாத்துக்குடி, ஒரு ஆப்பிள், ஒரு மாதுளை, இரண்டு கேரட் எடுத்து வைத்தேன். கூடவே சுத்தமான ஒரு புது சிரிஞ்சும் டியூபும். முகத்தில் மாஸ்க். மெட்ரோ ஏறிப் பவானிபூர் போனோம். நான் பிறந்து வளர்ந்த பேட்டை. என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்கிற ஒரு தெம்பு அங்கே மட்டும் எனக்கு வரும்.

நாங்கள் போனது கொஞ்சம் பெரிய எலெக்ட்ரிக் சாமான் கடை. சேல்ஸ்மேன் நாற்பது வயதுக்காரர், சுறுசுறுப்பானவர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசிய முதல் வார்த்தையிலேயே முடிவு செய்துவிட்டார். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாம் ரகுவிடம்தான். தப்பித்தவறி என்னைப் பார்க்க நேர்ந்தால் சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகப் பேசினார். வாய் திறக்க முடியாதவருக்குக் காதும் கேட்காது, மூளையும் வேலை செய்யாது என்று இந்த உலகம் எப்படித்தான் முடிவுக்கு வருகிறதோ!

கண்ணாடி அலமாரியில் நடுநாயகமாக இருந்த ஒரு மெஷினை அவர் புகழ்ந்து முடித்ததும், பையிலிருந்து பழங்களை எடுத்து மேஜையில் வைத்தேன். இதைப் போட்டு ஓட்டிக் காட்டுங்கள் என்றேன்.

அவர் ரகுவைப் பார்த்துச் சிரித்தார். பழம் போட்டெல்லாம் காட்டுவதில்லை, சும்மா சுவிட்ச் போட்டு ஓடுவதைக் காட்டுவோம், அவ்வளவுதான் என்றார். "ஈரமான மெஷினை அப்புறம் யாரு தாதா வாங்குவாங்க?" தாதா என்றால் இங்கே அண்ணா.

ரகு என் தோளைத் தொட்டார். போய்விடலாம் என்பது அதன் அர்த்தம். நான் போகவில்லை. கல்லாவில் உட்கார்ந்து பேப்பரில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்த முதலாளியிடம் நடந்தேன். அவர் ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும். மாஸ்க்கைக் கழற்றினேன். உதட்டை விலக்கிக் கம்பியைக் காட்டினேன். சிரிஞ்சைக் கல்லா மேல் வைத்தேன். விபத்துக்கப்புறம் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. வங்காளத்தில், ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"இதுல போறதைத்தான் நான் சாப்பிட முடியும். எடை குறைஞ்சா ஆஸ்பத்திரில சேர்க்கப் போறாங்க. எந்த மெஷினோட ஜூஸ் இந்த டியூபுல போகுதோ அதை இப்பவே வாங்கிக்கறேன். மத்ததையெல்லாம் நானே கழுவித் தரேன்."

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சிரிஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டார். இருபத்தைந்து நாள் என்றேன். எழுந்து, சேல்ஸ்மேனைக் கூப்பிட்டு, எல்லா டெமோ பீஸையும் எடுத்து வைக்கச் சொன்னார். மாதுளையை உரிக்க அவரே உட்கார்ந்தார்.

முதல் மெஷின் வேகமானது. போட்ட மாத்திரத்தில், கடை அதிர, ஜூஸைக் கக்கியது. டம்ளரில் பாதிக்கு மேல் நுரை. சிரிஞ்சில் உறிஞ்சினேன், காற்றும் நுரையும் வந்தன. நுரை அடங்கக் காத்திருந்து மறுபடி உறிஞ்சி, அழுத்தினேன். கேரட் நார் டியூபை அடைத்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்... டியூப் பிய்த்துக்கொண்டு சேல்ஸ்மேன் சட்டையில் கேரட் ஜூஸ். மன்னிப்புக் கேட்டேன். பாவம், என்னிடம் அவர் கேட்க வேண்டிய மன்னிப்பை நான் கேட்கிறேனே என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

இரண்டாவது, அலமாரியின் நடுநாயகம். மெதுவாகப் பிழிகிற ரகம். வாய் அகலம், முழு ஆப்பிளும் அப்படியே உள்ளே போகும். சத்தமே இல்லை. ஜூஸின் நிறம் கண்ணைப் பறித்தது. சாத்துக்குடி போயிற்று. ஆப்பிள் போயிற்று. உண்மையைச் சொல்கிறேன், அது ஜெயிக்க வேண்டுமென்று நானே ஆசைப்பட்டேன். அதற்குள் மின்விசிறி வாங்க வந்த ஒரு தம்பதி அதை மறந்துவிட்டு எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். மாதுளையில் மாட்டிக்கொண்டது. விதைத் துகள்கள்... பாதி சிரிஞ்சுக்கு மேல் நகரவில்லை.

"ஒரு தடவை வடிகட்டிக்கலாம். பரவாயில்லையே" என்றார் ரகு.

நான் தலையாட்டி மறுத்தேன். வடிகட்டி வடிகட்டி அவர் பஸ்ஸை விடக் கூடாது என்றுதானே மெஷினே வாங்குகிறோம்?

அவ்வளவுதான் என்றார் சேல்ஸ்மேன். கீழ்த்தட்டில் இன்னொன்று இருக்கிறதே என்று முதலாளியம்மா கைகாட்டினார். சின்ன மெஷின். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. அதுவும் மெதுவாகப் பிழிகிற ரகம்தான், ஆனால் வாய் குறுகல். எல்லாவற்றையும் விரல் அளவுக்கு நறுக்கிப் போட வேண்டும், யாருக்கும் பொறுமை கிடையாது, அதனால் விற்பதில்லை என்றார் சேல்ஸ்மேன். ஆனால் அதோடு இரண்டு வடிகட்டிகள் வந்தன. ஒன்று பெரிய கண், இன்னொன்று பொடிக் கண்.

பொடிக் கண்ணைப் போடச் சொன்னேன். முதலாளியம்மா நறுக்க நறுக்க, நான் போட்டேன். சக்கை ஒரு பக்கம் உலர்ந்து விழுந்தது. ஜூஸ் இன்னொரு பக்கம் நூலாக இறங்கியது. சாத்துக்குடி, போயிற்று. ஆப்பிள், போயிற்று. கேரட்... கட்டைவிரலில் ஒரு சின்ன இழுவை தெரிந்தது. போயிற்று. கடைசியாக மாதுளை. சிரிஞ்ச் நிறைய உறிஞ்சி, காலி டம்ளரின் மேல் பிடித்து அழுத்தினேன். சிவப்பாக, ஒரே கம்பியாக, எங்கேயும் நிற்காமல், கடைசிச் சொட்டு வரைக்கும் இறங்கியது.

மின்விசிறி தம்பதியில் அந்தப் பெண் கை தட்டினாள். முதலாளியம்மாவும் தட்டினார். ரகு மட்டும், பிளேயர் இருந்த சட்டைப் பையை ஒருதரம் தொட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அதோடு விட்டேனா? ஜூஸர் வாங்குகிறவர்கள் பலரும் கோட்டை விடுவது கழுவுகிற விஷயத்தில்தான். கடைக்குப் பின்னால் இருந்த குழாயடியில், சொன்ன சொல் தவறாமல் முதல் இரண்டையும் நான் கழுவினேன். மூன்றாவதை ரகுவிடம் கொடுத்தேன். தினமும் காலையில் அதோடு மல்லுக்கட்டப் போவது அவர்தானே? ஐந்து பாகங்கள். பொடிக் கண் வடிகட்டிக்கு மட்டும் பிரஷ் வேண்டியிருந்தது. ஐந்து நிமிஷத்தில் கழுவி, இரண்டாவது முயற்சியில் சரியாக மாட்டியும் விட்டார். பில் போடச் சொன்னேன். நடுநாயகத்தைவிட விலை பாதிக்கும் குறைவு. அதற்காக வாங்கவில்லை, ஆனாலும் கசக்கவில்லை.

அன்று மத்தியானம் என் முதல் டம்ளர், சாத்துக்குடியும் மாதுளையும் கலந்தது. கன்னத்துக்குள் டியூபை விட்டு, மெதுவாக அழுத்தினேன். புளிப்பு நாக்கின் பின்பக்கத்தைத் தொட்டதும் தாடைக்குள் சுரீர் என்று எச்சில் ஊறியது. பதினோரு நாளாகச் செத்துக் கிடந்த நாக்கு எழுந்து உட்கார்ந்தது. முழு டம்ளரையும் முடித்தேன். இன்னொன்று வேண்டும் என்று கை காட்டினேன். ரகு திரும்பி நின்று கேரட் நறுக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூஸ் மட்டும் குடித்தால் எடை ஏறாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நாக்கு உயிர் பெற்றதும் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்தது. ஒரு டம்ளர் ஜூஸ் உண்டு என்றால் இரண்டு டம்ளர் பருப்புத் தண்ணீர் சண்டையில்லாமல் இறங்கியது. பாலோடும் சமாதானம் ஆயிற்று. மிதாலி பௌதி தினமும் சாயங்காலம் தர்பூசணியோ அன்னாசியோ விரல் விரலாக நறுக்கிக் கொண்டுவந்து தந்தார். கையால் பிழிகிற கிண்ணத்தைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

டாக்டர் கொடுத்த கெடுவின் பத்தாவது நாள், திங்கட்கிழமை. செருப்பைக் கழற்றினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றவில்லை, கழற்றுவானேன், அதுவும் கொஞ்சம் கனக்கட்டுமே! எடை மெஷினில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன். நர்ஸ் படித்துச் சொன்னார். தொள்ளாயிரம் கிராம் ஏறியிருந்தது.

டாக்டர் நம்பாமல் இன்னொரு தரம் ஏறச் சொன்னார். அதே எண். சீட்டை எடுத்து, 'அட்மிஷன்' என்ற வார்த்தையைக் கேள்விக்குறியோடு சேர்த்து ஒரே கோடாக அடித்தார். அப்புறம் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பொடிக் கண் வடிகட்டி, விரல் அளவு நறுக்கல், நுரை, மாதுளை எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே இதே மாதிரி கம்பியோடு இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்று பேனாவை எடுத்தார்.

இத்தனை நாளும் அவர் எழுதிக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு நான் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார்.